கரண்டி யார் கையில்?

கட்டட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நம் ஊரில் ஒரே பெயர்தான்: சித்தாள். சிறு ஆள் என்பது சிற்றாள் ஆகி, பேச்சு வழக்கில் சித்தாள் என்று நின்றுவிட்டது. கல்லும் மண்ணும் சுமக்கும் ஆண் பெரியாள். சுவர் வைப்பவர் கொத்தனார். அவருக்கு மேலே மேஸ்திரி. பதினெட்டு வயதில் சித்தாளாகப் போன பெண், ஐம்பத்தைந்து வயதில் இடுப்பு விட்டுப்போய் நிற்கும்போதும் சித்தாள்தான். அத்தனை ஆண்டு அனுபவம் அவரை அந்தச் ‘சிறு’விலிருந்து ஓர் அங்குலம்கூட மேலே தூக்குவதில்லை. அவரோடு ஒரே நாளில் வேலைக்கு வந்த பையன் மேஸ்திரிக்குச் சொந்தக்காரனாக இருந்தால், நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துவிடுவான்.

கூலியிலும் இதே ஏணிதான். எங்கள் பக்கத்தில் இப்போது கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. சித்தாளுக்கு அறுநூறு கிடைத்தால் பெரிது. காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து மணல் சலித்து, கல் நனைத்து, சாந்து குழைத்து வைப்பவரும், மாலையில் எல்லாரும் போன பிறகு சட்டியும் மண்வெட்டியும் கழுவி வைப்பவரும் அவரே.

இந்த ஏணியில் கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் நடுவே இருப்பது என்ன? திறமையா, வயதா, உடல் பலமா? கடலூர் மாவட்டத்தின் உள்பகுதியில் கட்டடத் தொழில்கள் சொல்லித்தரும் ஒரு சிறிய சமுதாயக் கல்லூரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுக் கட்டடம் இரண்டு, தகரக் கொட்டகை ஒன்று, நடுவில் ஒரு வேப்பமரம். கொத்து வேலை, கம்பி கட்டுதல், குழாய் வேலை, வயரிங் என நான்கு பிரிவுகள். படிப்பவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் பதினான்கு பேர் பெண்கள். பெரும்பாலோர் சுற்றியுள்ள காலனிகளிலிருந்து வருகிறவர்கள். கல்லூரியின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ இங்கே எழுதவில்லை. வேலை தேடப் போகிற பிள்ளைகள். இதே ஊர்களில் வாழ வேண்டியவர்கள்.

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு தமிழ்ப் பகுதிக்குப் புதிதல்ல. 1995இல் புதுச்சேரியில் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று. அதன்பின் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தர, மாவட்டந்தோறும் பரவின. பள்ளியை நடுவில் விட்டவர், பத்தாம் வகுப்பில் தவறியவர், பிள்ளை பெற்ற பிறகு படிக்க வந்தவர் ஆகியோரைத் திருப்பி அனுப்பாத இடம் என்பதுதான் இதன் அடிப்படை. ஓராண்டில் கொஞ்சம் வாழ்க்கைத் திறன், நிறையக் கைத்தொழில், கடைசியில் வேலையிடத்திலேயே பயிற்சி. பல ஊர்களில் இது கணினி, தையல், நர்சிங் உதவியாளர் என்பதோடு நின்றுவிட்டது. கட்டடத் தொழில் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் குறைவு. செங்கல்லும் மணலும் இடமும் வேண்டும் என்பது ஒரு காரணம். ‘கொத்து வேலைக்கு எதற்குப் படிப்பு, கூடவே நின்று பார்த்தால் வந்துவிடும்’ என்கிற நினைப்பு இன்னொரு காரணம்.

கூடவே நின்று பார்க்க விடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

கட்டி இடிக்கும் சுவர்

கொத்து வேலைப் பிரிவின் பயிற்றுநருக்கு அறுபது வயதிருக்கும். பக்கத்து ஊர்க் காலனிக்காரர். அவரும் பெரியாளாகத்தான் தொடங்கியவர். எட்டு வருடம் உள்ளூர் மேஸ்திரி ஒருவரிடம் கல் தூக்கியிருக்கிறார். “மத்தியானம் அவர் சாப்பிடப் போற நேரத்துல ரெண்டு கல்ல வெச்சுப் பார்ப்பேன். திரும்பி வந்து ஒண்ணும் சொல்ல மாட்டார். அந்த ரெண்டு கல்லையும் தட்டி எடுத்துட்டு அவரே திரும்ப வெப்பார்” என்றார். பிறகு பெங்களூருக்குப் போனார். “அங்க எவனும் எந்தத் தெருன்னு கேக்கல. வேலை தெரியுமான்னு கேட்டான். தெரியும்னு பொய் சொன்னேன். மூணு நாள்ல அது உண்மையாயிடுச்சு.” 

வட மாவட்டங்களின் சேரிகளிலிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்க் கொத்தனாராகத் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். எட்டு வருடத்தில் ஊர் தராத கரண்டியை மூன்று நாளில் நகரம் தந்தது என்றால், நகரம் நல்லது, ஊர் கெட்டது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அங்கே நடந்தது என்ன? கைப்பழக்கத்தால் வரும் தொழிலைக் கற்க ஒருவருடைய தயவு வேண்டும். அவர் கரண்டியைக் கையில் கொடுக்க வேண்டும். கோணலாக வைத்தால் பொறுத்துக்கொண்டு திருத்த வேண்டும். வீணாகும் சிமெண்டுக்கு வீட்டுக்காரரிடம் அவர் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் ஒரு மேஸ்திரி தன் மகனுக்குச் செய்வார், மச்சான் மகனுக்குச் செய்வார். காலனியிலிருந்து வரும் கூலியாளுக்குச் செய்ய மாட்டார். யாரும் எழுதி வைத்த சட்டம் அல்ல இது. யாரும் யாரையும் திட்டக்கூட வேண்டியதில்லை. கரண்டியைக் கொடுக்காமல் இருந்தாலே போதும். சாதி இந்தத் தொழிலில் இப்படித்தான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

கொட்டகையில் தினமும் ஒரு சுவர் எழும்புகிறது. களிமண்ணும் மணலும் குழைத்த சாந்தில் கட்டுகிறார்கள். சாயங்காலம் இடித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவிடுகிறார்கள். அதே கல் அடுத்த நாளும் உதவும். பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தாத்தா இதைப் பார்த்துவிட்டு, “காலைல கட்டுறானுங்க, சாயந்திரம் இடிக்கிறானுங்க, இதுக்கு ஒரு காலேஜா?” என்று கேட்டாராம். அந்தச் சுவர்தான் மேஸ்திரியின் தயவுக்குப் பதில். இங்கே பிள்ளைகள் தவறு செய்யலாம். நூறு முறை கோணலாகக் கட்டலாம். யாருடைய சிமெண்டும் வீணாகாது.

முதல் மாதம் முழுக்கக் கருவிகள்தான். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், மணியாசு கட்டை. மனை போடும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடிக்கிறார்கள். வந்தால் மூலை செங்கோணம். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தவறிய பையன் ஒருவர் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பித்தாகரஸ்னு போர்டுல எழுதிப்போட்டது இதத்தான் சார். அன்னைக்கே கயித்தக் குடுத்துக் காமிச்சிருந்தா பாஸ் பண்ணியிருப்பேன்.” தமிழ் படித்த நமக்கு அந்த இடத்தில் நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. அரண்மனை எழுப்பக் கயிறு போட்டு அளந்தவர்களை அந்தப் பாட்டு புலவர் என்ற சொல்லால்தான் குறிக்கிறது. நூல் பிடிப்பவரும் நூல் படித்தவரும் ஒரே பெயரில் இருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

கம்பிப் பிரிவில் ஒரு கணக்கு சொல்லித்தருகிறார்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 12 மி.மீ. கம்பி என்றால் 144ஐ 162 ஆல் வகுக்க, ஏறக்குறைய 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஒன்று 10 கிலோ 700 கிராமை ஒட்டி இருக்கும். இதைப் படித்த மாணவி, தன் சித்தப்பா வீட்டுக்கு வந்து இறங்கிய முப்பது கம்பிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். 320 கிலோ வர வேண்டும். பில்லில் 350 என்று இருந்தது. சித்தப்பாவுடன் கடைக்குப் போய்த் துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கடைக்காரர் முதலில், “யாரும்மா நீ?” என்றாராம். பிறகு பில்லைத் திருத்திக் கொடுத்தாராம். சித்தப்பா இப்போது தெருவில் யார் வீடு கட்டினாலும், “எங்க பாப்பாவக் கூட்டிட்டுப் போய்க் கம்பி எடுங்க” என்கிறார்.

கொத்து வேலைப் பெண்கள் ஐந்து பேர். புடவைக்கு மேல் அண்ணனின் அல்லது கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அவர்களில் மூன்று பேரின் தாய்மார்கள் சித்தாள்கள். ஒரு மாணவியின் அம்மாவைச் சந்தித்தோம். இருபத்திரண்டு வருடமாகச் சட்டி தூக்குகிறவர். உச்சந்தலையில் முடி வழித்துக்கொண்டு போயிருக்கிறது. “நான் தூக்கிக் குடுத்த கல்லுல இந்த ஊர்ல பாதி வீடு நிக்குது. ஒரு கல்லக்கூட வெக்க விட்டதில்ல” என்றார். சாந்தில் எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை சட்டி சிமெண்ட் என்று அவரிடம் கேட்டோம். செங்கல் கட்டுக்கு ஆறுக்கு ஒன்று, பூச்சுக்கு நாலுக்கு ஒன்று அல்லது அஞ்சுக்கு ஒன்று என்று தடுமாறாமல் சொன்னார். கான்கிரீட்டில் தண்ணீர் கூடினால் என்னவாகும் என்பதும் அவருக்குத் தெரியும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டரை ஒட்டித்தான் தண்ணீர் போக வேண்டும். வாரிக் கொட்டச் சுலபமாக இருக்கும் என்று குடம் குடமாக ஊற்றச் சொல்வார்கள். இறுகிய பிறகு அதில் வலு இருக்காது. தண்ணீர் ஊற்றும் கை சித்தாளுடையது. எவ்வளவு என்று சொல்லும் வாய் வேறு ஒருவருடையது. அவருக்குத் தெரியாதது கல் வைப்பது மட்டுந்தான். அதையும் தெரியாது என்று சொல்ல முடியுமா? அவரைக் கேட்டவர் யாருமில்லை.

இது குலக்கல்வியா?

இந்தக் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது நம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. “நம் பிள்ளைகளை டாக்டராக, வக்கீலாக, கலெக்டராக ஆக்க வேண்டிய நேரத்தில், மறுபடியும் மண் வெட்டவும் கல் சுமக்கவும் அனுப்புவதா?” 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் யாருக்கும் மறந்துவிடவில்லை. அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழ்நாடே எதிர்த்தது. அடுத்த ஆண்டு முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொத்து வேலையும் ஒன்று. குடும்பத் தொழில் என்கிற நிபந்தனை அதில் இருந்ததால் தமிழ்நாடு அரசு அதை அப்படியே ஏற்க மறுத்தது. சாதி, பரம்பரை பார்க்காத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே அறிவித்தது. அந்த மறுப்பு சரியானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இந்தக் கொட்டகையில் நடப்பது வேறு. குலக்கல்வி அப்பனிடம் இருப்பதைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னது. இங்கே வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் கொத்துத் தொழில் இருக்கவில்லை, சுமைதான் இருந்தது. தொழில் வேறு வீட்டில் இருந்தது. அந்த வீட்டின் கதவு மூடியிருந்தது. சித்தாளின் மகள் சித்தாளாவதுதான் குலத்தொழில். சித்தாளின் மகள் தூக்குக்குண்டு பிடித்து நிற்பது அதை உடைப்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பி.ஏ., பி.காம். முடித்துவிட்டு சென்ட்ரிங் பலகை அடிக்கும் பட்டதாரிகள் நம் காலனிகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். பட்டமும் கையிலிருக்கிறது, பலகையும் தலையிலிருக்கிறது. நடுவில் ஒரு தொழில் மட்டும் இல்லை. 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது அம்பேத்கர் அரசுக்குக் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு உதவித்தொகையும் கேட்டார். தொழில்நுட்பப் பயிற்சியும் கேட்டார். இது இருந்தால் அது வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அதற்காகக் குறையில்லை என்று சொல்லிவிட முடியாது. தோழர்களின் கேள்வியில் ஒரு பாதி இன்னும் நிற்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டுத் தொழிற்பிரிவு படித்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். கொத்தனார் மகள் பொறியாளராகப் போக அங்கே ஒரு படிக்கட்டு உண்டு. நாம் பார்த்த கல்லூரியின் சான்றிதழுக்கு அந்தப் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. இங்கே படித்தவர் நல்ல கொத்தனாராகலாம், மேஸ்திரியாகலாம், ஒப்பந்தம் எடுக்கலாம். அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரி நடத்துகிறவர்கள் இதை மறைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் தேறி, வயதும் இருக்கிற பிள்ளை வந்தால், “நீ ஐ.டி.ஐ.க்குப் போ. அங்க மாசம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு, பஸ் பாஸும் உண்டு” என்று அவர்களே அனுப்பிவைக்கிறார்கள். ஐ.டி.ஐ. எடுத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் இந்தக் கொட்டகை. தேறாதவருக்கு மேற்படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால், அந்த நூல் பிடித்த பையனைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

“மாட்டேன்”னு சொல்லப் பயிற்சி

குழாய் வேலைப் பிரிவில் இருந்தபோது நாம் எதிர்பார்க்காத ஒரு வகுப்பைப் பார்த்தோம். புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்க்கில் சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள் என்ற செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. ‘இன்னும் யாரும் பயன்படுத்தாத தொட்டியில் விஷவாயு எப்படி வரும்?’ என்று படிப்பவர் வியப்பார்கள். மேலே தளம் போட்டு மூடி, பல நாள் அடைத்து வைத்த தொட்டி அது. உள்ளே தேங்கிய தண்ணீரில் பலகையும் கட்டையும் ஊறி மக்கும். மக்கும்போது உள்ளிருக்கும் பிராணவாயு தீர்ந்துபோகும், கெட்ட காற்று சேரும். ஓர் ஆள் நுழையும் அளவே உள்ள ஓட்டை வழியாக இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சாய்வார். மேலே நிற்பவர், மயக்கம் போட்டுவிட்டான் என்று நினைத்துத் தூக்க இறங்குவார். அவரும் சாய்வார். இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் சாகிறார்கள்.

எல்லா மூடிகளையும் திறந்து போட வேண்டும். காற்றை உள்ளே அடிக்கும் பிளோயரை வெகுநேரம் ஓடவிட வேண்டும். இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இன்னொருவர் இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் பயிற்றுநர் சொல்லி முடித்ததும் ஒரு மாணவர் எழுந்தார். “எல்லாம் சரி சார். மேஸ்திரி எறங்குடான்னு சொன்னா எப்பிடி சார் மாட்டேன்னு சொல்றது? அதுக்கும் ட்ரெயினிங் குடுங்க.” சிரித்தார்கள். ஆனால் அடுத்த வகுப்பில் அதையே செய்தார்கள். ஒருவர் மேஸ்திரி, ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் தொழிலாளி. மேஸ்திரியாக நடித்த பையன் நிஜ மேஸ்திரிகளை நன்றாகக் கவனித்திருக்கிறார்; “உங்கப்பன் எறங்கலயா, உங்க தாத்தன் எறங்கலயா?” என்று சரியான இடத்தில் குத்தினார். தொழிலாளியாக நடித்தவருக்கு நான்காவது முறைதான் குரல் எழும்பியது.

புது டேங்க்கோடு இது நிற்பதில்லை. குழாய் வேலைக்காரர் என்று கூப்பிடுவார்கள். வந்தவர் எந்தத் தெரு என்று தெரிந்ததும், “அப்பிடியே அந்த அடைப்பையும் எடுத்து விட்டுடுப்பா” என்பார்கள். தொழில் படித்துப் போனவரை மறுபடியும் மலக்குழிக்குள் இறக்கப் பார்க்கும் பேச்சு இது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடைக் குழியில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இரண்டையும் ஒரு காகிதத்தில் அச்சடித்து, குழாய் ஸ்பேனர் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்படி ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறார்கள். பைப்பு மாட்டுவதற்கு ஆறு கருவி, அடைப்புக்கு ஏழாவது என்கிறார்கள் பிள்ளைகள்.

சான்றிதழோடு போனவர்கள்

சென்ற ஆண்டு முடித்துப் போனவர்களில் ஒன்பது பேரிடம் பேசினோம். ஆண்கள் ஐந்து பேரும் வேலையில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூடச் சொந்த ஊரில் இல்லை. சென்னை, ஓசூர், பெங்களூர். நிறுவனங்களிலும் பெரிய கட்டடங்களிலும் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்களாம். உள்ளூர் மேஸ்திரிகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். “பேப்பர வெச்சு செவுரு கட்டுவியா?” என்று கேட்ட மேஸ்திரியிடம் ஒருவர் அன்றைக்கே ஒரு சுவர் கட்டிக்காட்டியிருக்கிறார். வேலை கிடைத்தது, கொத்தனார் கூலி கிடைக்கவில்லை. பெரியாள் கூலிக்குக் கொத்தனார் வேலை வாங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் ஓசூர் வண்டி ஏறிவிட்டார்.

பெண்கள் நான்கு பேர். ஒருவர் புதுச்சேரியில் டைல்ஸ் பதிக்கும் குழுவில் இருக்கிறார், நல்ல கூலி. ஒருவருக்குத் திருமணமாகி, புகுந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் மறுபடியும் சித்தாளாகவே போகிறார்கள். “நான் கட்டுறேன்னு சொன்னா, பொம்பள கட்டுன செவுரு நிக்குமான்னு கேக்குறாங்க. எங்கம்மா இத்தனை வருஷம் சுமந்த செவுரு நிக்குதேன்னு சொன்னேன். அதுக்கு மேல பேச்சு வளரல” என்றார் ஒருவர். அவர் கையிலிருந்த கரண்டி, கல்லூரியில் முடிக்கும் நாளில் கொடுத்தது, வீட்டுப் பரணில் இருக்கிறது.

உள்ளூரில் வேலை கிடைத்தாலும் சாதி வீட்டு வாசல்வரை கூட வருகிறது. நிலை வைக்கும் நாளில் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு உண்டு. சித்தாளுக்கு ஜாக்கெட் துணி உண்டு. சமையலறைக்கு டைல்ஸ் பதித்தவரும், பூஜை அறைக்குப் பூச்சு போட்டவரும் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் கூலி பாக்கி கேட்டுப் போனால், வாசலில்தான் நிற்க வேண்டும். இது ஊரறிந்த விஷயம். நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் கல்லூரி இந்த ஆண்டு வழியை மாற்றியிருக்கிறது. தனித்தனியாக அனுப்பினால் மேஸ்திரியிடம் போய்ச் சேர்வார்கள். மேஸ்திரி அவர்களை எங்கே வைப்பார் என்று தெரிந்துவிட்டது. ஆகவே கொத்து இரண்டு பேர், கம்பி ஒருவர், குழாய் ஒருவர், வயரிங் ஒருவர் என்று ஐந்து பேரைச் சேர்த்துக் குழுவாக ஒப்பந்தம் எடுக்கச் சொல்கிறார்கள். வேலைக்கு நேராக வீட்டுக்காரரிடமே விலை பேசலாம். பெண்ணும் ஆணும் ஒரே கூலி என்று குழுவுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். கூடவே, 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதினெட்டு வயது முடிந்த எல்லாரையும் பதியவைக்கிறார்கள். பிள்ளைகளைப் பதியவைக்கப் போன இடத்தில்தான், இருபது வருடம் உழைத்த அம்மாக்கள் பலர் வாரியத்தில் இல்லை என்பது தெரிந்தது. அறுபது வயதுவரை சேரலாம். விபத்து, இயற்கை மரணம், மகப்பேறு, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கான உதவி எல்லாம் இந்தப் பதிவில்தான் தொங்குகிறது. நாட்டில் எழும் கட்டடங்களில் நலநிதியாக 1 விழுக்காடு பிடிக்கிறார்கள். அது சித்தாளின் பணமும்தான். இதைப் படிக்கும் மாணவர்கள் இன்று வீட்டுக்குப் போனதும், அம்மாவிடம் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழுக்களுக்கு முதல் வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டோம். பயிற்றுநர் எங்களைப் பக்கத்துக் காலனிக்கு அழைத்துப்போனார். முப்பது வருடத்துக்கு முன் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். பல வீடுகளில் தளம் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. மழைக்காலத்தில் உள்ளே படுக்கப் பயந்து திண்ணையில் படுக்கிறார்கள். கம்பிக்குக் கீழே போதுமான கனத்துக்குக் கான்கிரீட் விடவில்லை. தண்ணீர் கூடிய கலவை. போட்ட தளத்தைச் சரியாக நனைக்கவும் இல்லை. ஈரம் உள்ளே போய்க் கம்பி துரு ஏறும். துரு ஏறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி காரையைத் தள்ளும். “நம்ம ஆளுங்களுக்குத்தானேன்னு கட்டுன வீடு” என்றார் பயிற்றுநர். மாணவர்கள் அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகளுக்குள் போய் அளந்து, எந்த வீட்டில் பூச்சு மட்டும் போதும், எதில் தளத்தையே மாற்ற வேண்டும், எதில் இன்று இரவே ஆள் படுக்கக் கூடாது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசி வகையில் ஐந்து வீடுகள். அந்த ஐந்து வீட்டுக்காரர்களிடம் முதலில் போய்ச் சொன்னவர்கள், கொத்து வேலைப் பெண்கள்.

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகப் பகுதியில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கனவு இல்லத்தில் பயனாளியே ஆள் வைத்துக் கட்டிக்கொள்ளலாம். எந்த மேஸ்திரி என்பது அவர் விருப்பம். காலனியில் வீடு கட்டும் பணமாவது காலனிப் பிள்ளைகளின் கைக்கு வரட்டும் என்பதுதான் இவர்களுடைய கோரிக்கை. அந்தப் பட்டியலையும் ஐந்து குழுக்களின் பெயர்களையும் சேர்த்து மனுவாக எழுதியிருக்கிறார்கள். நவம்பர் 1ஆம் தேதி கிராம சபையில் அதை வாசிக்கப் போகிறார்கள். எழுதும்போது ‘சித்தாள்’ என்ற சொல் வந்த இடங்களில் எல்லாம் ‘கட்டடத் தொழிலாளி’ என்று மாற்றச் சொல்லி ஒரு மாணவி கேட்டிருக்கிறார். மாற்றிவிட்டார்கள். வாசிக்கப் போவதும் அவர்தான்.